சவலை தப்பியவள்

நடவு முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் கள்ளக்குறிச்சி உரக்கடைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வயலிலிருந்து நேராக வந்தவர் துண்டில் சுற்றி எடுத்துவந்த நாலைந்து நெற்பயிரைக் கடைக்காரரின் மேசைமேல் வைப்பார். இலையில் துரு படிந்த மாதிரிப் பழுப்புப் புள்ளிகள். பயிர் குட்டையாக நின்றுவிட்டது என்பார். கடைக்காரர் கையில் எடுத்துக்கூடப் பார்க்கமாட்டார். "ஜிங்க் பத்தலண்ணா. ஏக்கருக்குப் பத்து கிலோ போடுங்க." அவ்வளவுதான். மூட்டை வண்டியில் ஏறும்.

நம் ஊரில் நெல்லுக்குத் துத்தநாகம் குறைந்தால் கண்டுபிடிக்க ஒரு பார்வை போதும். பெண்ணுக்குக் குறைந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? உணவில் துத்தநாகம் இருந்தும் அதை உடலுக்குள் ஏற்க முடியாமலே பிறந்த பெண்ணாக இருந்தால்? அவள் குழந்தைப் பருவத்தைத் தாண்டி, வயதுக்கு வந்து, கல்யாணமாகி, கருவுற்றால் அவளுக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு மருத்துவம் பதில் தேடிய வரலாறு நீளமானது. அதில் வளர்ந்த பெண் எங்கே நின்றாள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். துத்தநாகத்தைச் சேமித்து வைத்துக்கொள்ள உடலில் பெரிய கிடங்கு எதுவும் இல்லை. தினமும் உணவிலிருந்து குடல் அதை உறிஞ்சியாக வேண்டும். குடலின் செல்களில் அதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது, ஜிப்4 என்ற புரதம். அந்தப் புரதத்தைச் செய்வதற்கான மரபணு 2002ல் அடையாளம் காணப்பட்டது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நம் எல்லோருக்கும் அந்த மரபணு இரண்டு படிகளில் இருக்கும். இரண்டுமே பழுதானால்தான் வாசல் சரியாகத் திறக்காது. சுமார் 5 லட்சம் பிறப்புகளில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் புண், முடி கொட்டுதல், நிற்காத வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை, ஓயாத அழுகை. மருத்துவ நூல்கள் இதை அக்ரோடெர்மடைடிஸ் என்டெரோபதிகா என்கின்றன. கைகால் முனைகளின் தோலையும் குடலையும் சேர்த்துச் சொல்லும் பெயர். சிகிச்சை தெரிவதற்கு முன்பு இந்த நோயோடு பிறந்த குழந்தைகளில் பலர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள்.

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. தாய்ப்பால் குடிக்கும்வரை குழந்தை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பால் மறந்த சில வாரங்களில் விழுந்துவிடும். தாய்ப்பாலில் உள்ள துத்தநாகம் எளிதில் உறிஞ்சப்படுவது, பழுதான குடலுக்குக்கூட அதிலிருந்து கொஞ்சம் கிடைத்துவிடுகிறது. மாட்டுப்பாலிலிருந்து அந்த அளவு கிடைப்பதில்லை.

பால் மறந்ததும் விழும் குழந்தைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: சவலை. எங்கள் ஆயா ஒரு குழந்தையைத் தூக்கிப் பார்த்ததுமே சொல்லிவிடுவார், "சவலப் புள்ளடி இது. அவ வயித்துல அடுத்தது உருவாயிடுச்சு." தாய் மறுபடி கருவுற்றதால் பால் மறுக்கப்பட்டு மெலிந்த குழந்தைதான் சவலை. இதே பொருளில் மேற்கு ஆப்பிரிக்காவில் கா மொழி பேசும் பெண்களிடமும் ஒரு சொல் இருந்தது. அன்றைய கோல்டுகோஸ்டில், இன்றைய கானாவில், பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அந்தப் பெண்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். அடுத்த குழந்தை வந்ததும் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்று அவர்கள் விளக்கினார்கள். அவர்களுடைய 'குவாஷியோர்கர்' என்ற சொல்லையே 1935ல் லான்செட் இதழில் எழுதினார். இன்று உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிக்கும் சொல் அது. பெண்கள் கண்டுபிடித்து வைத்திருந்த அறிவு, ஒரு பெண் மருத்துவர் கேட்டதால் நூலேறியது.

நம் சவலை அப்படி உலகம் முழுக்கப் போகவில்லை என்பதோடு அந்தச் சொல்லில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சவலை என்றால் உடனே தாய்மேல்தான் பழி. ஏன் அதற்குள் உண்டானாள், ஏன் பால் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே குழந்தைக்கு வயிறு போனால் பால் மாந்தம், அவள் என்னத்தைத் தின்றாளோ என்பார்கள். கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். பரம்பரைத் துத்தநாகக் குறைபாட்டோடு பிறந்த குழந்தை நம் ஊரில் இந்த இரண்டு பழிகளுக்கும் நடுவில்தான் மறைந்துபோயிருக்கும். பால் மறந்ததும் விழுந்தது, தோல் உரிந்தது, வயிறு போனது, செத்தது. சவலை என்று சொல்லிப் புதைத்திருப்பார்கள். சவலைக் குழந்தையின் தோல் புண்களும் துத்தநாகக் குறைவின் புண்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை சவலைகளுக்குள் இந்த நோய் ஒளிந்திருந்தது என்று இனி யாராலும் எண்ண முடியாது.

ஐரோப்பாவில் இதைத் தனி நோயாகப் பார்க்கத் தொடங்கியது 1936ல். ஸ்வீடனைச் சேர்ந்த தோல் மருத்துவர் தோரே பிராண்ட் அப்போது விவரித்தார். 1942ல் நார்வேயின் டான்போல்ட், கிளாஸ் இருவரும் பெயர் வைத்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. தாய்ப்பால் கொடுத்தால் குழந்தை தேறுகிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது, அதனால் தாய்ப்பாலையே மருந்தாகக் கொடுத்தார்கள். பெற்றவளிடம் இல்லையென்றால் வேறு பெண்களின் பால். ஒரு நோய்க்குப் பல ஆண்டுகள் மருந்தாக ஓடியது பெண்களின் உடலிலிருந்து வந்தது. அந்தப் பாலைக் கொடுத்தவர்கள் வரலாற்றில் பெயரில்லாதவர்கள். 1953ல் குடல் கிருமிகளுக்கான டையோடோகுவின் மாத்திரை இந்தக் குழந்தைகளைத் தேற்றுவதாக அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. ஏன் தேற்றுகிறது என்று தெரியாமலே இருபது ஆண்டுகள் அதைக் கொடுத்தார்கள். நீண்டநாள் சாப்பிட்டவர்களில் சிலருக்குப் பார்வை நரம்பு பழுதானது. விடை 1973ல் கிடைத்தது. லண்டனில் மொய்னஹான் என்ற மருத்துவர், செயற்கை உணவில் வைக்கப்பட்டிருந்த ஒரு குழந்தையின் ரத்தத்தில் துத்தநாகம் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார். துத்தநாக உப்பைக் கொடுத்தார், புண்கள் ஆறின. 1974ல் இதுதான் இந்த நோயின் காரணம் என்று எழுதினார். நாற்பது ஆண்டுப் புதிருக்கு விடை, உரக்கடையில் மூட்டையாகக் கிடக்கும் அதே உப்பு.

துத்தநாகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் எந்த வரிசையில் கற்றுக்கொண்டது என்று பாருங்கள். 1869ல் பிரான்சில் ராலின் என்பவர் பூஞ்சைக்குத் துத்தநாகம் வேண்டும் என்று காட்டினார். 1934ல் எலிக்கு வேண்டும் என்று தெரிந்தது. 1955ல் பன்றிகளின் தோல் நோய் துத்தநாகத்தால் தீர்ந்தது. 1966ல் பந்த்நகரில் ஒய்.எல். நெனே, தராய் பகுதி நெல்வயல்களில் 'கைரா' என்று அழைக்கப்பட்ட நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறைவு என்று கண்டார். நம் உரக்கடைக்காரரின் அறிவு அங்கிருந்து வந்தது. 1971ல் டென்மார்க்கில், பரம்பரை நோயோடு பிறந்து செத்துக்கொண்டிருந்த கன்றுக்குட்டிகள் துத்தநாகத்தால் பிழைத்தன. மனிதக் குழந்தைக்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரிசையில் வளர்ந்த மனிதர்களின் கதை 1958ல் ஈரானின் ஷிராஸ் நகரில் தொடங்குகிறது. பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத்திடம் 21 வயது ஆண் ஒருவரை அழைத்துவந்தார்கள். பார்க்கப் பத்து வயதுப் பையனைப்போல இருந்தார். பருவ மாற்றம் எதுவும் வரவில்லை. உணவு ரொட்டி, அதோடு மண்ணும் தின்பார். தவிட்டோடு அரைத்துப் புளிக்கவைக்காமல் சுட்ட ரொட்டியில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இது பரம்பரை நோய் அல்ல, உணவால் வந்தது. 1961ல் பிரசாத்தும் மற்றவர்களும் எழுதிய முதல் கட்டுரையில் 11 பேர் இருந்தார்கள். 11 பேரும் ஆண்கள்.

ஷிராசில் ஹால்ஸ்டெட், ரொனாகி முதலானோர் தொடர்ந்து நடத்திய ஆய்வு 1972ல் வெளியானது. அதில் 15 ஆண்கள். ராணுவத்துக்கு ஆளெடுக்கும் இடத்தில், உடல் வளர்ச்சி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். கூடவே 2 பெண்கள், வயது 19, 20. பெண்களுக்கும் இது வருகிறது என்பதை மட்டுமே பேசும் தனிக் கட்டுரை ஒன்று அங்கிருந்து 1975ல் வந்தது, அதுவும் இரண்டே பெண்களைப் பற்றி. ஆண்கள் மட்டும் ஏன் முதலில் கண்ணில் பட்டார்கள்? அரசுக்குச் சிப்பாய் தேவைப்பட்டது, வரிசையில் நிறுத்தி அளந்தது. வயதுக்கு வராத பெண்ணை எந்த அரசும் வரிசையில் நிறுத்தி அளப்பதில்லை. அவள் வீட்டுக்குள் இருந்தாள். "இருசி" என்று நம் ஊரில் ஒரு வசைச்சொல் உண்டு, வயதுக்கு வராதவளைச் சொல்வது. அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு வாழ்ந்த பெண்களில் யாருக்காவது இப்படி ஒரு குறை இருந்ததா என்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை.

பரம்பரை நோயோடு பிறந்து, தப்பிப் பிழைத்து வளர்ந்த பெண்கள் மருத்துவ ஏட்டில் ஏறியது அவர்கள் கருவுற்றபோதுதான். 1975ல் லான்செட்டில் ஹாம்பிட்ஜும் உடனிருந்தவர்களும் எழுதினார்கள்: இந்த நோயுள்ள மூன்று பெண்கள், மொத்தம் ஏழு கருத்தரிப்புகள், ஒன்று கலைந்தது, இரண்டு குழந்தைகள் பெரிய பிறவிக் குறைகளோடு பிறந்தன. துத்தநாகம் தருவது வழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலத்துப் பெண்கள் இவர்கள். 1981ல் அதே இதழில் இன்னொரு செய்தி. இதே நோயுள்ள ஒரு பெண் துத்தநாக சல்பேட் சாப்பிட்டபடியே இரண்டு முறை கருவுற்று நலமாகப் பெற்றெடுத்தார். இரண்டு கட்டுரைகளுக்கும் நடுவில் ஆறு ஆண்டுகள். அந்தப் பெண்களின் உடலில் மாறியது தினமும் விழுங்கிய ஒரு மாத்திரை மட்டும்தான்.

வளர்ந்த பெண்ணுக்கு இந்த நோய் என்ன செய்யும் என்பது இப்போது தெரியும். துத்தநாகத்தை நிறுத்தினால் நோய் திரும்பி வரும். கர்ப்பத்தில் தேவை கூடுவதால், அதுவரை அடங்கியிருந்த புண்கள் வாயோரத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் விரல்களிலும் மறுபடி கிளம்பும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையிலும் சிலருக்கு அப்படி ஆகியிருக்கிறது. முடி கொட்டும், காயம் ஆறாது, நாக்கில் ருசி தெரியாது, மனம் சோர்ந்து கிடக்கும். மருந்து ஆயுள் முழுக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராம் துத்தநாகம் என்பது வழக்கமான கணக்கு. வாசல் திறக்காத இடத்தில், அளவைக் கூட்டி வேறு வழிகளில் கொஞ்சத்தை உள்ளே தள்ளுகிற சிகிச்சை இது. நீண்டநாள் அதிகத் துத்தநாகம் சாப்பிட்டால் உடலில் செம்பு குறைந்து, அதனால் ரத்தசோகை வரலாம். ஆகவே செம்பின் அளவையும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் துத்தநாகத்தையும் ஒன்றாக விழுங்கினால் துத்தநாகம் குறைவாகவே ஏறும், இரண்டுக்கும் நேரம் பிரிக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தாலும் மாத்திரை ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மாத்திரை டப்பா எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். கல்யாணமான முதல் வாரத்தில் மாமியார் "என்னம்மா மாத்திர அது?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? "சத்து மாத்திர அத்த" என்பாள், அல்லது நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் அடுத்த நாளே ஒன்றும் ஆகாது. மெதுவாக, அவள் கருவுறும் நேரம் பார்த்துத் திரும்பி வரும். அப்போது அந்த வீடு அதை நோய் என்று சொல்லாது, தோஷம் என்று சொல்லும்.

பழி எங்கே விழுகிறது என்பதை மரபணுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இந்த நோய் வர அப்பா, அம்மா இருவருமே பழுதான ஒரு படியைச் சுமப்பவர்களாக இருக்க வேண்டும். இருவரும் பார்வைக்கு முழு ஆரோக்கியம். ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதில் அவள் பங்கு எவ்வளவோ அவன் பங்கும் அவ்வளவு. சொந்தத்தில் மணம் செய்யும்போது, ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பெண்களில் 28 பேர் ரத்த உறவில் மணமானவர்கள். பெரிய மாநிலங்களில் இது முன்வரிசை எண். இது எல்லாச் சாதிகளின் பழக்கம், மலைமக்களின் தலையில் மட்டும் கட்ட வேண்டியதில்லை. யார் யாரை மணப்பது என்று முடிவு செய்வது தாய்மாமனும் அப்பாவும். சொத்து வெளியே போகக்கூடாது என்பதும் அவர்கள் கணக்கு. குழந்தை நோயோடு பிறந்தால் கேள்வி மட்டும் அவளிடம் வரும்.

பாலைப் பற்றியும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில அரிய குழந்தைகளுக்குத் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே இதே புண்கள் வரும். அங்கே பழுது தாயின் மார்பில் துத்தநாகத்தைப் பாலுக்குள் அனுப்பும் புரதத்தில் இருக்கிறது. அதற்கான மரபணுப் பழுது 2006ல் கண்டறியப்பட்டது. அவள் ரத்தத்தில் துத்தநாகம் சரியாகவே இருக்கும், பாலில் குறைந்திருக்கும். அவள் என்ன தின்றாலும் தின்னாவிட்டாலும் அது மாறாது. குழந்தைக்குத் துத்தநாகச் சொட்டு கொடுத்தால் போதும், பால் மறந்ததும் அதுவும் தேவைப்படாது. பால் மாந்தம் என்று சொன்னவர்கள் பார்த்தது பொய்யில்லை. அதைத் தாயின் குற்றமாக்கியதுதான் பொய்.

இனிக் கல்வராயன் மலைக்கு வருவோம். மலையாளிப் பழங்குடிகள் வாழும் இந்த மலை நீண்டகாலம் மூன்று கவுண்டர் ஜாகீர்களின் பிடியில் இருந்தது. அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது 1976ல்தான். லண்டனில் துத்தநாகத்தின் விடை கிடைத்து மூன்று ஆண்டு கழித்து இந்த மலை அரசின் கணக்குக்குள் வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019ல். மாவட்டத்துக்குள் ஒரு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022ல். அதுவரை பெரிய வியாதி என்றால் முண்டியம்பாக்கம், சேலம், அல்லது புதுச்சேரி ஜிப்மர். வெள்ளிமலையிலிருந்து இறங்கி, கச்சிராயப்பாளையம் வந்து, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கைக்குழந்தையோடு போக வேண்டும். கூட ஓர் ஆள், அன்றைய கூலி, வீட்டில் மற்ற பிள்ளைகளுக்குச் சோறு. தோல் புண்ணுக்காக இத்தனை தூரம் அனுப்பும் வீடு எத்தனை? 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது எல்லாக் கேமராவும் இந்த மாவட்டத்துக்கு வந்தது, மலையில் காய்ச்சும் சாராயம் பேசப்பட்டது. அதன் பிறகுதான் உயர் நீதிமன்றமும் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையைக் கேள்வி கேட்டது. ஆண்கள் குடித்துச் செத்தால்தான் மலை கண்ணுக்குத் தெரிகிறது.

மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த இடங்களில் மரவள்ளி ஏறியிருக்கிறது. கிழங்கு சேகோ ஆலைகளுக்குப் போகிறது. மரவள்ளியில் துத்தநாகம் மிகக் குறைவு. தானியத்தில் உண்டு, ஃபைடேட்டும் உண்டு. ஆனால் கூழைப் புளிக்கவைத்தால் ஃபைடேட் குறையும் என்பதை அறிவியல் சொல்வதற்கு முன்பே நம் பெண்கள் இரவில் கரைத்து வைத்துக் காலையில் ஊற்றினார்கள். கறி சமைத்த நாளில் துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய், சமைத்தவளுக்குக் குழம்பு மிஞ்சுவதையும் நாம் அறிவோம். துத்தநாகம் எளிதில் கிடைப்பது அந்தத் துண்டில்தான்.

அரசு எதையுமே எண்ணவில்லை என்று சொல்ல முடியாது. 2016-18ல் நடந்த முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயதுள்ளவர்களில் 100க்கு 32 பேருக்குத் துத்தநாகம் குறைவு என்றது. அந்த ஆய்வு 19 வயதோடு நின்றுவிட்டது. 15 முதல் 49 வயதுப் பெண்களின் ரத்தத்தை எடுத்த 2019-21 குடும்பநல ஆய்வு ரத்தசோகையைப் பார்த்தது, துத்தநாகத்தைப் பார்க்கவில்லை. ஆக, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணின் உடலில் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்பது நாட்டின் பெரிய கணக்கில் இல்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கிராம சுகாதார செவிலியர் 14 நாள் துத்தநாக மாத்திரை தருகிறார். நல்ல திட்டம்தான். அந்த மாத்திரை சாப்பிடும்போது புண்ணும் ஆறி, நிறுத்தியதும் திரும்பி வந்தால் அதுவே ஒரு குறிப்பு. இதை முதலில் கவனிப்பவள் தாய். "மாத்திர குடுத்தா நல்லாருக்கு, நிறுத்துனா வருதுங்க" என்று அவள் சொல்லும்போது எதிரே இருப்பவர் கேட்க வேண்டும். கோல்டுகோஸ்டில் ஒருவர் கேட்டதுபோல.

5 லட்சத்தில் ஒருவர் என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஏழு கோடிக்கும் மேல் மக்கள் உள்ள தமிழ்நாட்டுக்கு அது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் என்ற கணக்கு. அவர்களில் பாதிப் பேர் பெண்கள். யாரோ ஒருத்திக்கு இன்று விரல் நுனியில் புண். பாத்திரம் தேய்த்த சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள். ஒரு கரு கலைந்திருக்கும், அதற்கு ஏதோ ஒரு கோயிலில் பரிகாரம் செய்திருப்பார்கள். அவளுக்குத் தேவையானது விலை குறைந்த ஒரு மாத்திரை, அதை ஒளிக்காமல் சாப்பிட ஒரு வீடு, கருவுற்றதும் அளவைச் சரிபார்க்க ஒரு மருத்துவர்.

நெற்பயிரைத் துண்டில் சுற்றிக் கடைக்கு எடுத்துப்போகும் கை நம்மிடம் இருக்கிறது. இலையில் புள்ளி தெரிந்த அன்றே பஸ் ஏறுகிறோம். அந்த அவசரத்தில் பாதியாவது, அவள் விரல் நுனியைப் பார்க்கும்போது நமக்கு வர வேண்டும்.